முதல் பத்து மட்டும் வேண்டும் என்றால்



கணினி பற்றிய சொற்பொழிவு என்றதும் செயற்கை நுண்ணறிவைப் பற்றித்தான் இருக்கும் என்று நினைத்து வந்தவர்கள் இந்த அரங்கில் இருப்பார்கள். அவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் எடுத்துக்கொண்டிருப்பது அதைவிடச் சின்ன விஷயம், ஆனால் உங்கள் கைப்பேசியில் ஒரு நாளைக்குப் பலமுறை நடக்கிற விஷயம். விலை குறைந்த பத்துப் பொருள்கள், புதிதாக வந்த இருபது மின்னஞ்சல்கள், அதிக மதிப்பெண் பெற்ற நூறு பேர் என்று நாம் கேட்பதெல்லாம் ஒரு பெரிய பட்டியலின் தலைப்பகுதியைத்தான். மீதிப் பட்டியலை யாரும் பார்ப்பதில்லை. பார்க்கப்படாத அந்த மீதிக்காகத் தரவுத்தளம் எவ்வளவு உழைக்க வேண்டும் என்பதுதான் இன்றைய கேள்வி.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். மின்கட்டணப் பதிவுகள் ஒரு கோடி இருக்கிற அட்டவணை. தொகை அதிகமாக வந்த பத்து இணைப்புகள் எவை என்று தெரிய வேண்டும். எஸ்கியூஎல் மொழியில் இதை ‘ஆர்டர் பை’ என்ற தொடராலும் ‘லிமிட்’ என்ற சொல்லாலும் கேட்கிறோம். தொகையை வைத்து இறங்குவரிசையில் அடுக்கு, பிறகு முதல் பத்தைக் கொடு. எழுதியபடியே வேலையும் நடந்தால் ஒரு கோடிப் பதிவுகளையும் முழுக்க அடுக்கி முடித்துவிட்டு, அதில் 99,99,990 பதிவுகளை அப்படியே விட்டுவிட வேண்டும். நல்ல தரவுத்தளம் எதுவும் அப்படிச் செய்வதில்லை.

இந்தக் கேள்வி கணினியைவிடப் பழையது. 1883-இல் ஆக்ஸ்ஃபோர்டு கணித ஆசிரியர் சார்லஸ் டாட்ஜ்சன் புல்தரை டென்னிஸ் போட்டிகளைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். ‘ஆலிஸ்’ கதைகளை எழுதிய லூயிஸ் கரோல் என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும், அவரேதான். தோற்றவர் வெளியேறும் போட்டியில் முதல் பரிசு சரியான ஆளுக்குப் போகிறது, இரண்டாம் பரிசு போவதில்லை என்பது அவருடைய புகார். நியாயமான புகார். 32 பேர் ஆடுகிறார்கள், திறமையில் மேலானவர் எப்போதும் வெல்வார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது சிறந்த ஆட்டக்காரர் முதல் சுற்றிலேயே முதல்வரிடம் மாட்டிக்கொண்டால் கதை முடிந்தது. இருவரும் அட்டவணையின் எதிரெதிர்ப் பாதிகளில் விழுந்தால்தான் இறுதிப் போட்டியில் சந்திப்பார்கள். அதற்கான வாய்ப்பு 31-இல் 16, பாதிக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

இரண்டாவது ஆளைச் சரியாகக் கண்டுபிடிக்க எத்தனை ஆட்டம் வேண்டும்? 1932-இல் ஜோசஃப் ஷ்ரையர் என்ற கணித அறிஞர் வழி சொன்னார். முதல்வரைக் கண்டுபிடிக்க 31 ஆட்டங்கள். இரண்டாமவர் நிச்சயம் முதல்வரிடம் தோற்றவராகத்தான் இருக்க வேண்டும். வேறு யாரிடமும் அவர் தோற்க முடியாது. முதல்வர் ஐந்து சுற்றுகளில் ஐந்து பேரை வென்றிருக்கிறார். அந்த ஐந்து பேருக்குள் நான்கு ஆட்டம் வைத்தால் போதும். ஆக மொத்தம் 35. இதைவிடக் குறைக்க முடியாது என்று 1964-இல் ரஷ்யரான கிஸ்லிட்சின் நிறுவினார். 32 பேரையும் ஒன்று முதல் முப்பத்திரண்டு வரை முழுமையாகத் தரவரிசைப்படுத்த வேண்டுமென்றால், எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக நடத்தினாலும், குறைந்தது 118 ஆட்டங்கள் தேவைப்படும் சூழல் உண்டு. 35-க்கும் 118-க்கும் நடுவில் இருக்கிற இடைவெளிதான் நம்முடைய லாபம். பட்டியல் நீள நீள இந்த இடைவெளி பெரிதாகிக்கொண்டே போகும்.

இனி மின்கட்டண அட்டவணைக்கு வருவோம். ஒரு கோடிப் பதிவுகளை முழுக்க அடுக்குவதற்கு ஏறத்தாழ 23 கோடி ஒப்பீடுகள் ஆகும். இன்றைய கணினிக்கு அது பெரிய சுமை இல்லை. சுமை நினைவகத்தில் இருக்கிறது. பதிவு ஒன்று 100 பைட் என்றால் மொத்தம் ஒரு ஜிபி. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளம் ஓர் அடுக்கும் வேலைக்கு வழக்கமாக ஒதுக்குகிற நினைவகம் 4 எம்பி. நாம் அமைப்பை மாற்றி வைக்காவிட்டால் அவ்வளவுதான். 4 எம்பிக்குள் ஒரு ஜிபி அடங்காது. ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக அடுக்கி டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு, எழுதிய துண்டுகளைப் பிறகு படித்து ஒன்றோடொன்று கோக்க வேண்டும். எழுதுவதும் திரும்பப் படிப்பதும்தான் நேரத்தைத் தின்கின்றன. பத்து இணைப்புகளின் பெயரைத் தெரிந்துகொள்ள ஒரு ஜிபியை எழுதிப் படிப்பது அபத்தம்.

இதற்கு மாற்றாகத் தரவுத்தளம் செய்வதை விடைத்தாள் திருத்துகிற ஆசிரியரை வைத்துச் சொல்லலாம். கட்டுக் கட்டாகத் தாள்கள் வருகின்றன. வகுப்பில் முதல் பத்து யார் என்று மட்டும் தலைமையாசிரியர் கேட்டிருக்கிறார். மேசையின் ஓரத்தில் பத்துத் தாள்களைத் தனியே வைக்கிறார் ஆசிரியர். அந்தப் பத்தில் குறைந்த மதிப்பெண் வாங்கிய தாள் எப்போதும் மேலே இருக்கும். புதிதாகத் திருத்திய தாளை அந்த ஒரு தாளோடு மட்டும் ஒப்பிடுகிறார். குறைவாக இருந்தால் கட்டில் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்கிறார். கூடுதலாக இருந்தால் மேலே இருந்த தாளைக் கட்டுக்கு அனுப்பிவிட்டு, புதியதைப் பத்துக்குள் சேர்த்து, மறுபடியும் குறைந்ததை மேலே கொண்டுவருகிறார். எத்தனை ஆயிரம் தாள் வந்தாலும் மேசையில் தனியே இருப்பது பத்துதான்.

குறைந்ததை மேலே வைத்திருக்கும் இந்த ஏற்பாட்டுக்கு ஹீப் என்று பெயர். 1964-இல் ஜே. டபிள்யூ. ஜே. வில்லியம்ஸ் வெளியிட்டது. பத்தும் தமக்குள் முழுமையாக வரிசையில் இருக்க வேண்டியதில்லை என்பதுதான் இதன் நயம். ஒவ்வொன்றும் தனக்குக் கீழே இருக்கும் இரண்டைவிடச் சிறியது என்ற ஒரே நிபந்தனை போதும். பத்து உறுப்புகள் நான்கு படிகளில் அடங்கிவிடும். மேலே ஒன்றை மாற்றினால் அது அதிகபட்சம் மூன்று படி இறங்கித் தன் இடத்தைக் கண்டுகொள்ளும். எல்லாப் பதிவும் வந்து முடிந்த பிறகு, எஞ்சிய பத்தை மட்டும் வரிசைப்படுத்திக் கொடுத்தால் வேலை முடிந்தது. பெரியவை பத்து வேண்டும் என்று கேட்டவருக்காகச் சிறியதை உச்சியில் வைக்கிறோம் என்பதைக் கவனியுங்கள். மாணவர்கள் முதல் முறை நிரல் எழுதும்போது பெரும்பாலும் இதைத்தான் தலைகீழாக எழுதுவார்கள்.

போஸ்ட்கிரெஸ்ஸில் இந்த வசதி 2008 பிப்ரவரியில் வந்த 8.3 பதிப்பில் சேர்ந்தது. செய்தவர் கிரெக் ஸ்டார்க். மைஎஸ்கியூஎல் 2013-இல் 5.6 பதிப்பில் இதே உத்தியைக் கொண்டுவந்தது. ஹீப் பிறந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பிறகுதான் நாம் அன்றாடம் பயன்படுத்தும் திறந்தமூலத் தரவுத்தளங்களுக்கு அது வந்து சேர்ந்தது என்பது எனக்கு இன்றும் வியப்புதான். பாடப்புத்தகத்தில் இருக்கும் ஒரு கருத்து நாம் கையாளும் கருவிக்குள் வர அவ்வளவு காலம் ஆகிறது.

போஸ்ட்கிரெஸ்ஸின் நிரலைத் திறந்து பார்த்தால் ஒரு சின்னக் கெட்டிக்காரத்தனம் தெரியும். பத்து வேண்டும் என்று சொன்ன உடனே அது ஹீப் கட்டத் தொடங்குவதில்லை. வருகிற பதிவுகளைச் சாதாரணமாகச் சேர்த்துக்கொண்டே போகிறது. கேட்டதைப் போல இரு மடங்கைத் தாண்டினால், அதாவது இருபத்தொன்றாவது பதிவு வந்தால், அப்போதுதான் ஹீப்புக்கு மாறுகிறது. மொத்தமே பதினைந்து பதிவுதான் இருக்கிறது என்றால் நேராக அடுக்கி முதல் பத்தைக் கொடுப்பதே விரைவு. நினைவகம் முன்கூட்டியே நிரம்பிவிட்டால் இரு மடங்குக்குக் காத்திருக்காமலும் மாறும். இப்படி நடந்ததா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் வினவலுக்கு முன்னால் ‘எக்ஸ்ப்ளெயின் அனலைஸ்’ என்று சேர்த்து ஓட்டிப் பாருங்கள். ‘சார்ட் மெத்தட்’ என்ற வரியில் ‘டாப்-என் ஹீப்சார்ட்’ என்றும் பக்கத்திலேயே நினைவகம் 25 கேபி என்பது போல ஒரு சின்ன எண்ணும் இருக்கும். அதே வினவலில் லிமிட்டை எடுத்துவிட்டு ஓட்டினால் அந்த வரி ‘எக்ஸ்டர்னல் மெர்ஜ்’ என்று மாறும், டிஸ்க் கணக்கு நூற்றுக்கணக்கான எம்பியில் வரும். இந்த இரண்டு வரிகளையும் அடுத்தடுத்துப் பார்த்த மாணவனுக்கு இந்தச் சொற்பொழிவு தேவையில்லை.

மேசையில் தாள் மாற்றுகிற வேலை எத்தனை முறை நடக்கும் என்று ஒரு கணக்குப் போடுவோம். எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. பதிவுகள் எந்த ஒழுங்கும் இல்லாமல் கலந்து வருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபதாவது பதிவு வரும்போது, அதுவரை வந்த இருபதில் அது முதல் பத்துக்குள் இருக்க வாய்ப்பு பாதி. ஆயிரமாவது பதிவுக்கு அந்த வாய்ப்பு நூற்றில் ஒன்று. ஒரு லட்சமாவது பதிவுக்குப் பத்தாயிரத்தில் ஒன்று. போகப் போக உள்ளே நுழைவது அரிதாகிக்கொண்டே வரும். ஒரு கோடி வரை இந்த வாய்ப்புகளையெல்லாம் கூட்டினால் வரும் விடை சுமார் 148. ஒரு கோடிப் பதிவுகளில், முதலில் இடம்பிடித்த பத்தையும் சேர்த்தே, ஹீப்புக்குள் காலெடுத்து வைப்பவை சராசரியாக நூற்று நாற்பத்தெட்டுதான். மற்ற எல்லாமே ஒரே ஓர் ஒப்பீட்டில் வாசலோடு திரும்பிவிடுகின்றன. 23 கோடி ஒப்பீடு ஒரு கோடியாகச் சுருங்கியதைவிட எனக்கு இந்த 148 பெரிய செய்தி.

பதிவுகள் கலந்து வந்தால்தான் இந்தக் கணக்கு பொருந்தும். நடைமுறையில் நாம் அடிக்கடி கேட்பது “கடைசியாக நடந்த பத்துப் பரிமாற்றங்கள் எவை?” என்பது. பரிமாற்ற அட்டவணையில் பதிவுகள் நடந்த வரிசையிலேயே ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்கின்றன. தொடக்கத்திலிருந்து படித்துக்கொண்டு போனால் வருகிற ஒவ்வொரு பதிவும் இதுவரை வந்த எல்லாவற்றையும்விடப் புதியது. ஒவ்வொன்றும் ஹீப்புக்குள் நுழைந்து இன்னொன்றை வெளியே தள்ளும். 148 என்ற எண் ஒரு கோடியாகிவிடும். மிகச் சாதாரணமாகக் கேட்கப்படும் கேள்விதான் இந்த உத்திக்கு மிக மோசமான தரவு வரிசையோடு வந்து நிற்கிறது. அப்போதும் நினைவகம் பத்துப் பதிவுகளுக்கு மேல் வேண்டாம், முழுக்க அடுக்குவதைவிட வேலை குறைவுதான். ஆனாலும் இங்கே சரியான விடை இன்டெக்ஸ்தான்.

இன்டெக்ஸின் அடிப்படையான பி-மரம் போயிங் நிறுவனத்தின் ஆய்வகத்தில் ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்கிரைட்டும் உருவாக்கியது. 1972-இல் கட்டுரையாக வந்தது. அதன் அடிமட்டத்தில் மதிப்புகள் ஏற்கெனவே வரிசையாக இருக்கின்றன. நேரத்தின்படி இன்டெக்ஸ் இருந்தால் கடைசி முனைக்குப் போய்ப் பின்னோக்கிப் பத்தைப் படித்துவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். அடுக்கும் வேலையே இல்லை. அட்டவணையில் ஒரு கோடி இருந்தாலும் நூறு கோடி இருந்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. இதற்கான விலையை எழுதும்போது கொடுக்கிறோம்: பதிவு ஒன்று சேரும்போதெல்லாம் இன்டெக்ஸும் திருத்தப்பட வேண்டும். எல்லாப் புலத்துக்கும் ஓர் இன்டெக்ஸ் என்று போட்டு வைத்திருக்கும் அட்டவணைகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

ஓரளவு வரிசை இருந்தால்கூடப் பயன்படுத்திக்கொள்ளலாம். நாள்வாரியாக இன்டெக்ஸ் இருக்கிறது, நாளும் தொகையும் சேர்ந்து அடுக்கி வேண்டும் என்றால், ஒரு நாளுக்குள் இருக்கும் பதிவுகளை மட்டும் தொகைப்படி அடுக்கினால் போதும். முதல் நாளிலேயே பத்து கிடைத்துவிட்டால் அடுத்த நாளைத் தொடவே வேண்டாம். 2020-இல் வந்த போஸ்ட்கிரெஸ் 13 இதைச் செய்கிறது.

இதுவரை சொன்னதில் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் தாண்டி வந்தேன். அடுக்குகிற பகுதிக்குப் பத்து போதும் என்பது எப்படித் தெரிகிறது? வினவலை நிறைவேற்றும் திட்டம் ஒரு மரம். லிமிட் அதன் உச்சியில் இருக்கிறது, அடுக்கும் வேலை அதற்குக் கீழே. உச்சியில் தெரிந்த ‘பத்து’ என்ற செய்தி கீழே போய்ச் சேர வேண்டும். இடையில் வேறு வேலை இல்லையென்றால் போய்ச் சேரும். நடுவில் பதிவுகளை வடிகட்டும் வேலை ஒன்று இருந்தால் போகாது, ஏனென்றால் பத்தை மேலே அனுப்பினால் வடிகட்டலில் எத்தனை தப்பும் என்று கீழே இருப்பவருக்குத் தெரியாது. இன்னொரு அட்டவணையோடு இணைப்பு இருந்தாலும் அதே சிக்கல்.

அந்தப் ‘பத்து’ என்ற செய்தியைச் சொல்லவே மொழியில் முதலில் இடமில்லை. எட்கர் காட் 1970-இல் முன்வைத்த உறவுமுறை மாதிரியில் உறவு என்பது ஒரு கணம். கணத்தில் முதலாவது, இரண்டாவது என்பதே கிடையாது. அந்த மரபில் வந்த எஸ்கியூஎல்லில் ‘முதல் பத்து’ என்று கேட்க நெடுங்காலம் பொதுவான தொடர் இல்லை. தயாரிப்பாளர்கள் ஆளுக்கொரு விதமாக வைத்துக்கொண்டார்கள். தரநிலையில் அதற்கு ஒரு தொடர் வந்தது 2008-இல்தான். அதற்கு முன்பே, 1997-இல், ஐபிஎம் அல்மடென் ஆய்வகத்தின் மைக்கேல் கேரியும் ஜெர்மனியில் பசாவ் பல்கலைக்கழகத்தின் டொனால்ட் கோஸ்மனும் இதை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். ‘எஸ்கியூஎல்லில் போதுமப்பா என்று சொல்வது பற்றி’ என்று குறும்பாகத் தலைப்பிட்டார்கள். நிறுத்தும் இடத்தை மரத்தில் எவ்வளவு கீழே கொண்டுபோகலாம் என்பதுதான் அவர்கள் கேள்வி. இரண்டு வழி சொன்னார்கள். தேவையான பதிவு எதுவும் தவறிவிடாது என்று உறுதியான இடத்தில் மட்டும் நிறுத்துவது ஒன்று. மதிப்பீட்டை நம்பித் துணிந்து இன்னும் கீழேயே நிறுத்திவிட்டு, பத்து தேறவில்லை என்றால் மறுபடி தொடங்குவது மற்றொன்று.

ஆரக்கிள் என்ற தரவுத்தளத்தில் இதே நிறுத்தம் தவறான இடத்தில் விழுந்து பலரைத் தடுமாற வைத்தது. அங்கே ‘ரோநம்’ என்ற எண், பதிவுகள் அடுக்கப்படுவதற்கு முன்பே ஒட்டப்பட்டுவிடும். ரோநம் பத்துக்குள் இருக்க வேண்டும், தொகைப்படி அடுக்கு என்று ஒரே மூச்சில் எழுதினால் கையில் கிடைத்த ஏதோ பத்தை எடுத்து, அந்தப் பத்தை மட்டும் அழகாக அடுக்கிக் கொடுக்கும். விடை வரிசையாக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. உள்ளே அடுக்கி வெளியே எண்ணும்படி இரண்டு அடுக்காக எழுத வேண்டும். 2013-இல் 12சி பதிப்பு தரநிலைத் தொடரை ஏற்றுக்கொண்ட பிறகு அந்தத் தொல்லை இல்லை. பழைய நிரல்களைப் பராமரிப்பவர்களுக்கு இன்னும் உண்டு.

துணிந்து நிறுத்துவதன் ஆபத்தை இன்று நாம் வேறு வடிவில் சந்திக்கிறோம். புகார்கள் அட்டவணை ஒன்று. ஒரு கோடிப் புகார்கள், அவற்றில் தீராதவை ஒரு லட்சம், அதாவது நூற்றில் ஒன்று. தீராத புகார்களில் மிகப் பழைய பத்தைக் கேட்கிறோம். தரவுத்தளத்துக்கு இரண்டு வழி இருக்கிறது. நிலைக்கான இன்டெக்ஸ் வழியே தீராத ஒரு லட்சத்தையும் திரட்டி ஹீப்பில் விடலாம். அல்லது புகார் எண்ணுக்கான இன்டெக்ஸில் பழையதிலிருந்து தொடங்கி, தீராதது பத்து கிடைக்கும் வரை நடந்து போகலாம். இரண்டாவது வழியில் அடுக்கும் வேலையே இல்லை. நூற்றில் ஒன்று தீராதது என்பதால் ஆயிரம் பதிவு நடந்தால் பத்து கிடைத்துவிடும் என்று திட்டமிடும் பகுதி கணக்குப் போடுகிறது. மலிவாகத் தெரிகிறது, அதைத் தேர்ந்தெடுக்கிறது.

ஆனால் தீராத புகார்கள் அட்டவணை முழுக்கச் சீராகத் தூவப்பட்டிருப்பதில்லை. பழைய புகார்களெல்லாம் எப்போதோ தீர்க்கப்பட்டுவிட்டன. தீராதவை எல்லாம் கடைசி ஒரு லட்சத்தில் குவிந்து கிடக்கின்றன. ஆயிரம் அடியில் முடியும் என்று கிளம்பிய நடை 99 லட்சம் பதிவுகளைத் தாண்டிய பிறகுதான் முதல் தீராத புகாரைப் பார்க்கிறது. அலுவலகங்களில் “லிமிட் போட்டாத்தான் சார் ஸ்லோவாகுது, எடுத்துட்டா வேகமா வருது” என்று இளைஞர்கள் வந்து சொல்வதன் பின்னணி இதுதான். கேட்பவர்கள் நம்ப மாட்டார்கள், குறைவாகக் கேட்டால் எப்படித் தாமதமாகும் என்பார்கள். அந்த இளைஞர் சொல்வது சரி. நூற்றில் ஒன்று என்ற எண்ணிக்கை தரவுத்தளத்துக்குத் தெரியும். அந்த ஒன்று எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது என்பது தெரியாது.

அனுபவசாலிகள் இதற்கு ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். ஆர்டர் பை-யில் புகார் எண்ணோடு பூஜ்யத்தைக் கூட்டி எழுதுவார்கள். மதிப்பு மாறாது, ஆனால் தரவுத்தளத்துக்கு அது வேறொரு கோவையாகத் தெரிவதால் அந்த இன்டெக்ஸைப் பயன்படுத்தாமல் விட்டுவிடும். வேலை நடக்கும். எனக்கு இந்தத் தந்திரத்தின்மேல் மதிப்பில்லை. அடுத்து வருபவர் “இதென்ன, சும்மா பூஜ்யத்தைக் கூட்டி வைத்திருக்கிறார்கள்” என்று அழித்துவிடுவார், பழைய நோய் திரும்பிவிடும். நிலையும் புகார் எண்ணும் சேர்ந்த இன்டெக்ஸ் போடுவதோ, தீராத புகார்களை மட்டும் உள்ளடக்கிய பகுதி இன்டெக்ஸ் போடுவதோதான் உண்மையான மருந்து. அப்படிப் போட்டுவிட்டால் பத்துப் பதிவைப் படித்ததும் நின்றுவிடும், சூதாட வேண்டிய அவசியமே வராது.

அடுத்தது சமநிலை. பத்தாவது இடத்துக்கு ஒரே தொகையோடு ஏழு பேர் இருந்தால் யாரைச் சேர்ப்பது? ஹீப் யார் முன்பு வந்தார்கள் என்ற நினைவை வைத்துக்கொள்வதில்லை. முழுக்க அடுக்கும் முறைக்கும் ஹீப்புக்கும் இந்த ஏழு பேரில் வேறு வேறு ஆள் கிடைக்கலாம். லிமிட் பத்து என்று கேட்டபோது வந்தவர், லிமிட் இருபது என்று கேட்டால் முதல் பத்தில் இல்லாமல் போகலாம். மைஎஸ்கியூஎல் கையேடே இதை எச்சரிக்கையாகச் சொல்லி வைத்திருக்கிறது. இதைத் தரவுத்தளத்தின் குறை என்று திட்டுபவர்கள் உண்டு, நான் அவர்கள் கட்சி இல்லை. சமமானவர்களுக்குள் யார் முன்னால் என்று கேட்டவர் சொல்லவில்லை. சொல்லாததை அது எப்படி நிறைவேற்றும்?

சொல்ல வேண்டும் என்பதை நம் ஊர் பொறியியல் கலந்தாய்வு நடத்துபவர்கள் நன்றாகவே புரிந்து வைத்திருக்கிறார்கள். 200-க்குக் கட்-ஆஃப் கணக்கிடும்போது ஒரே மதிப்பெண்ணில் கூட்டம் கூட்டமாக மாணவர்கள் நிற்பார்கள். கணித மதிப்பெண், இயற்பியல் மதிப்பெண், பிறந்த தேதி என்று பல அளவுகோல்களைப் பார்த்தும் சமமாகவே இருந்தால் கடைசியில் ரேண்டம் எண். அந்த எண் தரவரிசைப் பட்டியல் வருவதற்கு முன்பே ஒதுக்கப்பட்டுவிடுகிறது. எத்தனை முறை அடுக்கினாலும், எந்தக் கணினியில் அடுக்கினாலும் ஒரே பட்டியல்தான் வரும். நாம் எழுதும் ஒவ்வொரு ஆர்டர் பை-யின் முடிவிலும், யாருக்கும் யாரோடும் சமமாக அமையாத ஒரு புலம், பெரும்பாலும் பதிவு எண், இருக்க வேண்டும் என்பது இதே ஏற்பாடுதான். சமமானவர்கள் அத்தனை பேரும் வேண்டும் என்றால் அதற்கும் தரநிலையில் ‘வித் டைஸ்’ என்ற தொடர் உண்டு. பத்து கேட்டால் பதினாறுகூட வரும்.

பக்கம் பக்கமாகக் காட்டும்போது இந்தச் சமநிலைக் குழப்பம் பெரிதாகிறது. முதல் பக்கத்தில் பார்த்த பொருள் இரண்டாம் பக்கத்திலும் வரும், வேறொன்று எங்குமே வராது. அதோடு ‘ஆஃப்செட்’ என்கிற வழக்கம் இன்னொரு செலவைச் சேர்க்கிறது. ஒரு லட்சத்தைத் தாண்டிப் பத்து கொடு என்று கேட்டால் தரவுத்தளத்துக்குத் தாண்டிக் குதிக்கிற வித்தை எதுவும் தெரியாது. 1,00,010 பதிவுகளை வரிசையில் கண்டுபிடித்து, ஒரு லட்சத்தை எண்ணித் தள்ளிவிட்டுப் பத்தைக் கொடுக்கும். ஹீப் பத்திலிருந்து ஒரு லட்சத்துப் பத்தாக வீங்கும். தரவு பல கணினிகளில் பிரிந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். தாண்ட வேண்டிய ஒரு லட்சத்தில் எந்தக் கணினியில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாததால் ஒவ்வொரு கணினியும் தன் பங்குக்கு 1,00,010 பதிவுகளை அனுப்பத் தயாராக இருக்க வேண்டும். எலாஸ்டிக்சர்ச் என்ற தேடுபொறி 10,000-க்கு மேல் இப்படிப் போக விடாமல் இயல்பாகவே தடுத்து வைத்திருப்பது இதனால்தான்.

மாற்று வழி எளிது. முந்தைய பக்கத்தின் கடைசிப் பதிவில் இருந்த தொகையையும் எண்ணையும் நினைவில் வைத்துக்கொண்டு, “இதற்கு அடுத்தவை பத்து” என்று கேட்பது. இன்டெக்ஸில் நேராக அந்த இடத்துக்கு இறங்கிப் பத்தைப் படித்தால் போதும். ஆயிரமாவது பக்கமும் முதல் பக்கத்தின் வேகத்தில் வரும். இடையில் புதுப் பதிவு சேர்ந்தாலும் பார்த்தது மறுபடி வராது. ஆஸ்திரிய நிபுணர் மார்க்கஸ் வினான்ட் இதைப் பல ஆண்டுகளாக வலியுறுத்தி வருகிறார். ஒரு குறை உண்டு: நேராக 57-ஆம் பக்கத்துக்குத் தாவ முடியாது. 57-ஆம் பக்கத்துக்குத் தாவ விரும்பிய மனிதரை நான் இன்னும் பார்க்கவில்லை.

அளவுகோல் ஒன்றுக்கு மேல் இருந்து, அவை வெவ்வேறு பட்டியல்களில் இருந்தால் என்ன செய்வது என்பதற்கு ரொனால்ட் ஃபேகின், அம்னான் லோட்டம், மோனி நவோர் ஆகிய மூவரும் 2001-இல் விடை சொன்னார்கள். பட்டியல்களை மேலிருந்து இணையாக இறங்கிப் படித்துக்கொண்டே, இனி வரப்போகிற எதற்கும் இதைவிட அதிக மதிப்பு கிடைக்க முடியாது என்ற வரம்பைக் கணக்கிட்டுக்கொண்டே போவது. கையிலிருக்கும் பத்தும் அந்த வரம்பை எட்டியதும் நிறுத்திவிடுவது. ஒரே பத்தியில் சொல்லிவிடக்கூடிய உத்தி. 2014-இல் அவர்களுக்கு கோடல் பரிசு கிடைத்தது. அதன் நிரூபணத்தை விளக்க இன்னொரு சொற்பொழிவு வேண்டும்.

கடைசியாக, திரையை வடிவமைக்கும் மாணவர்களுக்கு ஒன்று. மேலே சொன்ன ஏற்பாடுகளையெல்லாம் சரியாகச் செய்து, இன்டெக்ஸ் போட்டு, பத்துப் பதிவோடு நிற்கும்படி வினவல் எழுதிவிடுகிறீர்கள். பிறகு வடிவமைப்பாளர் திரையின் மூலையில் “மொத்தம் 48,213 முடிவுகளில் 1 முதல் 10 வரை” என்று ஒரு வரி வைக்கச் சொல்வார். அந்த 48,213-ஐச் சொல்வதற்குத் தரவுத்தளம் பொருந்தும் பதிவுகள் அத்தனையையும் எண்ண வேண்டும். பத்தோடு நிற்கும் வினவலுக்குப் பக்கத்தில் எங்கும் நிற்காத இன்னொரு வினவல் ஓடும், பக்கம் திறக்கும் ஒவ்வொரு முறையும். பதினொன்றாவது பதிவு இருக்கிறதா என்று மட்டும் பார்த்து “மேலும் காண்க” என்று ஒரு பொத்தான் வைத்துவிடலாம், பத்துக்குப் பதில் பதினொன்று கேட்டால் அது தெரிந்துவிடும். தோராயமான எண்ணிக்கை போதுமென்றால் திட்டமிடும் பகுதி தன் மதிப்பீட்டுக்காக வைத்திருக்கும் புள்ளிவிவரத்திலிருந்தே எடுத்துக் காட்டலாம். துல்லியமான எண்தான் வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தால், எக்ஸ்ப்ளெயின் அனலைஸ் காட்டும் இரண்டு வினவல்களின் நேரத்தையும் அச்செடுத்து அவர் மேசையில் வையுங்கள்.